டாக்டரிடம் தொழிலைச் சொல்லுங்கள்!

தொழிலாளத் தோழர்கள் இந்தத் தலையங்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்; எழுத்தறியாத தோழர் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். போனஸ், பஞ்சப்படி, வேலை நேரம் ஆகியவற்றுக்காக நாம் போராடுகிறோம். இன்று கிடைக்காவிட்டால் நாளை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு போராடுகிறோம். ஆனால், தொழிலாளி தன் நெஞ்சுக்குள் சுமந்து கொண்டு வீட்டுக்குப் போகும் பொருள் ஒன்று இருக்கிறது. அது உள்ளே போனால் திரும்பி வராது. 30 வருஷம், 40 வருஷம் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு ஆளைக் கேட்கும். அந்தப் பொருளின் பெயர் கல்நார். கடைத்தெருப் பெயர் ஆஸ்பெஸ்டாஸ்.

கல்நாரைப் பார்க்காதவர் நம்மில் எவரும் இல்லை. சிமெண்டோடு அதைக் கலந்து செய்த ஷீட்டுதான் ஏழையின் வீட்டுக்குக் கூரை; பட்டறைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கூரை. நெருப்பில் எரியாது, எளிதில் அறாது, மழையில் மக்காது, விலையும் மலிவு. ஆகவே, பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் அதை உறையாகப் போட்டார்கள். பஸ், லாரிகளின் பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் சேர்த்தார்கள். கயிறாகத் திரித்தார்கள், துணியாக நெய்தார்கள். கப்பலிலும், நீராவி ரயில் எஞ்சினிலும், மின்சார நிலையத்திலும் அது இடம் பிடித்தது. மாயக் கல் என்று வியாபாரிகள் அதற்குப் பட்டமும் சூட்டினார்கள். மாயம் உண்மைதான். கொலை செய்தவன் யார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி கொல்வதைவிடப் பெரிய மாயம் வேறென்ன இருக்கிறது?

நெஞ்சுக்குள் நடப்பது என்ன?

நம்முடைய நுரையீரலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இரண்டு மடிப்பாக அமைந்திருக்கிறது. ஒரு மடிப்பு நுரையீரலோடு ஒட்டியிருக்கும். மற்றது விலாச் சுவரோடு ஒட்டியிருக்கும். நடுவே கொஞ்சம் ஈரம். எண்ணெய் போட்ட பேரிங் தடையின்றிச் சுழல்வதைப் போல, அந்த ஈரத்தினால்தான் நாம் மூச்சு விடும் போதெல்லாம் நுரையீரல் உரசாமல் விரிந்து சுருங்குகிறது.

கல்நாரை அறுக்கும் போதும், உடைக்கும் போதும், துளை போடும் போதும் கிளம்பும் தூசி சாதாரண மண் தூசி போன்றதன்று. அது ஊசி. கண்ணுக்குத் தெரியாத ஊசி. மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து சவ்வுக்கும் போய்ச் சேர்கிறது. உடம்பால் அதைக் கரைக்க முடியாது. வெளியே தள்ளவும் முடியாது. அங்கேயே கிடந்து, குத்திக் குத்திப் புண்ணாக்கி, பல வருஷங்களுக்குப் பிறகு அந்தச் சவ்விலே புற்றை உண்டாக்குகிறது. டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மீசோதீலியோமா. வயிற்றின் உட்புறச் சவ்விலும் இதே புற்று வருவதுண்டு.

பல வருஷம் என்றால் எத்தனை வருஷம்? 20 வருஷம் என்பது குறைந்த கணக்கு. 30, 40 என்பது சாதாரணம். 50 வருஷம் கழித்து வந்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் விட்டனூம் என்ற ஊரில் 1943 முதல் 1966 வரை நீலக் கல்நார் வெட்டினார்கள். சுரங்கம் மூடப்பட்டது 1966இல். அங்கே வேலை செய்தவர்களும், அங்கே மண்ணில் விளையாடிய குழந்தைகளும் இந்த நோயால் சாவது அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நீடித்தது.

இந்த நோயின் தந்திரம் முழுவதும் இந்தக் காலக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. 25 வயதில் தூசி. 60 வயதில் நோய். நோய் வரும் போது அந்த ஆலை இருக்குமோ, இருக்காதோ! மேஸ்திரி செத்துப் போயிருப்பார். காண்ட்ராக்டரின் பெயர் மறந்து போயிருக்கும். தொழிலாளியே அந்த வேலையை மறந்து, வேறு தொழிலுக்குப் போய், பேரன் பேத்தி எடுத்திருப்பார். மூச்சு முட்டும் போது, என்றோ இரண்டு வருஷம் பார்த்த வேலை அவர் நினைவுக்கு வருமா? வராது. வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

அறிகுறிகள்

முதலாவது, மூச்சு இரைப்பு. போன வருஷம் வரை இரைக்காமல் சைக்கிள் மிதித்தவர், இப்போது பத்துப் படி ஏறினால் நின்று விடுகிறார். சவ்வின் இரண்டு மடிப்புக்கும் நடுவே நீர் கோத்துக் கொள்வதால், நுரையீரல் விரிய இடமில்லாமல் போகிறது. அதுதான் இந்த இரைப்புக்குப் பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது, நெஞ்சு வலி. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். மந்தமாக, விடாமல், விலாவில் பாரம் வைத்தது போல வலிக்கும். சிலருக்குத் தோள் வரை பரவும். தைலத்துக்கும் வலி மாத்திரைக்கும் அடங்கியது போல இருந்து மறுபடியும் வரும்.

மூன்றாவது, வாரக்கணக்கில் நீடிக்கும் வறட்டு இருமல்.

நான்காவது, காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், பசியின்மை, சோர்வு. சிலருக்கு இரவில் வியர்வையும் காய்ச்சலும் உண்டு.

ஐந்தாவது, வயிற்றுச் சவ்வில் வந்திருந்தால், வயிறு உப்பிக் கொண்டே போகும், வலிக்கும், சாப்பாடு இறங்காது.

இந்த ஐந்தையும் படித்துவிட்டுத் தோழர்கள் பீதியடையக் கூடாது. இருமுகிறவருக்கெல்லாம், இளைக்கிறவருக்கெல்லாம் இந்த நோய் இருப்பதாக நாம் சொல்லவில்லை. கல்நாரில் வேலை செய்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இந்தப் புற்று வருவதில்லை. இந்த அறிகுறிகளில் ஒன்றுகூட இந்த நோய்க்கு மட்டுமே சொந்தமானதன்று. ஆஸ்துமாவிலும், இருதய நோயிலும், காசநோயிலும், வேறு புற்றுகளிலும் இவை உண்டு. சங்கடமே இங்கேதான் இருக்கிறது. அறிகுறி மட்டும் இந்த நோயைக் காட்டிக் கொடுக்காது. அறிகுறியோடு தொழிலையும் சேர்த்துப் பார்த்தால்தான் காட்டிக் கொடுக்கும்.

காசநோய் என்ற முகமூடி

நம் நாட்டில் ஒருவர் இருமல், இளைப்பு, இரவு வியர்வை, நெஞ்சில் நீர் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் முதலில் நினைப்பது காசநோயைத்தான். அப்படி நினைப்பதில் குற்றமில்லை. காசநோய் இங்கே அவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால், காசநோய் மருந்து மாதக்கணக்கில் தின்றும் நீர் வற்றவில்லை, வலி போகவில்லை, உடம்பு தேறவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி நகரத்தில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. ஸ்லெக்ஸ் என்ற டாக்டர் அதன் பொறுப்பில் இருந்தார். நெஞ்சுச் சவ்வு நோயோடு வந்தவர்களில் ஊருக்குக் கிழக்கேயிருந்து வந்தவர்கள் காசநோய் மருந்தில் தேறுவதையும், மேற்கேயிருந்து வந்தவர்களில் பலர் தேறாமல் போவதையும் அவர் கவனித்தார். மருந்து ஒன்றுதான், ஆஸ்பத்திரி ஒன்றுதான், பலன் மட்டும் ஏன் வேறு? மேற்கே இருந்தவை நீலக் கல்நார் வெட்டும் மலைகள். சவ்விலிருந்து துண்டு எடுத்துச் சோதித்தார்கள்; புற்று தெரிந்தது. நோயாளிகளின் பழைய வாழ்க்கையை ஒவ்வொருவராக விசாரித்தார்கள், கல்நார் தெரிந்தது. வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் ஆகிய மூவரும் சேர்ந்து 33 நோயாளிகளின் விவரங்களை 1960ஆம் வருஷம் பிரசுரித்தார்கள். உலக வைத்திய சாஸ்திரம் இந்த உறவை ஏற்றுக் கொள்ளத் தொடங்கியது அதன் பிறகுதான். அந்த 33 பேரில் சுரங்கத்துக்குள் காலெடுத்து வைக்காதவர்களும் இருந்தார்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள், குழந்தைப் பருவத்தை அங்கே கழித்தார்கள், அவ்வளவுதான்.

எக்ஸ்ரே நெஞ்சில் நீர் இருப்பதைக் காட்டியது, ஆனால், "எங்கே இருந்தாய்? என்ன வேலை செய்தாய்?" என்ற கேள்விதான் நோயின் காரணத்தைக் காட்டியது. இந்தக் கேள்வி புதியதும் அன்று. தொழில் நோய்களைப் பற்றி 1700ஆம் வருஷம் புத்தகம் எழுதிய ராமஸ்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர், நோயாளியிடம் அவன் தொழிலையும் கேள் என்று வைத்தியர்களுக்குச் சொல்லிப் போனார். 300 வருஷம் தாண்டிவிட்டது. நூறு பேர் வரிசையில் நிற்கும் நம் ஆஸ்பத்திரிகளில், ஒருவருக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்க முடியாமல் திண்டாடும் டாக்டர் இதைக் கேட்பார் என்று காத்திருக்க முடியுமா? அவர் கேட்காவிட்டால் நாம் சொல்ல வேண்டும்.

"ஐயா, நான் இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம் வரை பாய்லருக்குக் கல்நார் உறை போட்டேன்". "ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்தேன்". "பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன்". "கப்பல் உடைத்தேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சீட்டில் எழுதிக் கொள்ளும்படி கேட்க வேண்டும். காசநோய் மருந்து தொடங்கியிருந்தால் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. அது வேறு ஆபத்தில் கொண்டு போய் விடும். ஆனால், எடுத்த நீர் மறுபடியும் மறுபடியும் சுரந்தால், "சவ்விலிருந்து துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டுமா?" என்று கேட்பது தொழிலாளியின் உரிமை. நீரை மட்டும் சோதித்தால் இந்தப் புற்று பல தடவை அகப்படுவதில்லை. துண்டுச் சோதனையே உறுதி சொல்லக் கூடியது.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்கலாம். இது பெரும்பாலும் பூரணமாகக் குணமாகாத நோய் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும், நீரை எடுத்து, மறுபடி சுரக்காமல் செய்து மூச்சைச் சுலபமாக்கலாம்; வலியை அடக்கலாம். புற்று மருந்துகளும், கடந்த சில வருஷங்களில் வந்துள்ள, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளும் பலருக்கு ஆயுளைக் கூட்டித் தருகின்றன. சீக்கிரம் கண்டால் செய்யக் கூடியது அதிகம். குடும்பத்துக்குச் சேர வேண்டிய நஷ்டஈடும், அதே கொட்டகையில் வேலை செய்த மற்றவர்களுக்கு எச்சரிக்கையும் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் கிடைக்கும். காசநோய், இருதய நோய், முதுமை என்று எழுதிச் சாவுச் சான்றிதழை மூடிவிட்டால், வழக்கும் அதோடு மூடிவிடும்.

இரண்டு சாக்குகள்

நிர்வாகங்கள் சொல்லும் சாக்குகளில் முதலாவது பீடி. "பீடி குடித்தான், நெஞ்சு கெட்டது" என்று சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். உண்மை என்ன? இந்தச் சவ்வுப் புற்றுக்கும் புகைக்கும் சம்பந்தம் காணப்படவில்லை. பீடியைத் தொடாதவருக்கும் இது வருகிறது. நுரையீரலுக்குள் வரும் புற்று வேறு சமாசாரம். அங்கே கல்நாரும் புகையும் கூட்டுச் சேர்ந்து, ஒவ்வொன்றும் தனியே செய்யும் கேட்டைவிடப் பல மடங்கு கேடு செய்கின்றன. ஆகவே, கல்நாரில் வேலை செய்த தோழர் பீடியை இன்றே விட்டெறிய வேண்டும். ஆனால், நிர்வாகம் தன் பொறுப்பைப் பீடிப் புகைக்குள் ஒளித்து வைக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது சாக்கு, "நீலந்தான் விஷம், வெள்ளைக் கல்நார் சாது" என்பது. இன்று நம் நாட்டில் புதிய ஷீட்டுக்குள் போவது வெள்ளைக் கல்நார்தான். எல்லா வகைக் கல்நாரும் புற்றை உண்டாக்கக் கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. பிரிட்டன் 1999இல் வெள்ளையையும் சேர்த்துத் தடுத்தது. நெடுங்காலம் கல்நாரை வெட்டி உலகத்துக்கு விற்ற கனடாவே 2018இல் தடுத்தது. விற்றவனே கைவிட்ட சரக்கை நாம் இன்னும் கப்பல் கப்பலாக இறக்கிக் கொண்டிருக்கிறோம். இதற்கு சர்க்கார் பதில் சொல்ல வேண்டும்.

சங்கத்தின் பதிவேடு

கொஞ்சந்தானே தூசி என்று நினைக்கும் தோழருக்கு அமெரிக்கச் சம்பவம் ஒன்றைச் சொல்வோம். நியூயார்க் வட்டாரத்தில் குழாய்களுக்கும் பாய்லர்களுக்கும் உறை போடும் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. நாள் முழுவதும் தூசிக்குள் நின்றவர்கள் அல்லர்; இன்று ஓர் இடம், நாளை ஓர் இடம் என்று விட்டு விட்டு வேலை பார்த்தவர்கள். இர்விங் செலிக்காஃப் என்ற டாக்டர் தம் கூட்டாளிகளோடு அந்தச் சங்கத்தின் பதிவேட்டைத் திறந்தார். 1942 முடிவில் அதில் இருந்த 632 உறுப்பினர்களுக்கு என்ன ஆயிற்று என்று 1962 வரை தேடினார். நுரையீரலிலும் சவ்விலும் வந்த புற்றால் இறந்தவர்கள் 45 பேர். பொது ஜனங்களின் சாவுக் கணக்குப்படி பார்த்தால் 7 பேர்கூட இறந்திருக்கக் கூடாது. 1964இல் இது பிரசுரமானது. கல்நார்க் கம்பெனிகளால் மறுக்க முடியாத சாட்சியமாக இது நின்றது.

யார் எழுதி வைத்த சாட்சியம்? சந்தா வாங்கி, பெயரும் சேர்ந்த வருஷமும் எழுதி வைத்த சங்கத்துக் குமாஸ்தா எழுதிய சாட்சியம்! பதிவேட்டின் பலம் என்னவென்று தோழர்கள் இதிலிருந்து அறிந்து கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் இது உணரப்படாமல் இல்லை. கல்நார்த் தொழிலாளர்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1995 ஜனவரி 27ஆம் தேதி தீர்ப்புச் சொல்லியது. தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று கூறியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருஷம், அல்லது வேலையிலிருந்து விலகிய பிறகு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் ஆரோக்கியப் பதிவேட்டையும் ஆலை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோய்களின் பட்டியலிலும் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் இருக்கின்றன.

சட்டம் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. ஆனால், நாம் கேட்கிறோம்: கூரை போட வரும் கூலித் தொழிலாளிக்குப் பதிவேடு வைப்பவர் யார்? தெருவோரப் பட்டறையில் பிரேக் டிரம்மைக் காற்றடித்து ஊதும் பையனுக்கு யார் வைப்பார்? பழைய கட்டடத்தை இடிக்கும் காண்ட்ராக்ட் ஆளுக்கு யார் வைப்பார்? ஆலை வாசலுக்குள் நிற்பவனுக்கே கிடைப்பது அருமையாக இருக்கும் போது, வாசலுக்கு வெளியே இருப்பவனுக்கு எவன் எழுதி வைக்கப் போகிறான்?

நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு சங்கக் காரியாலயத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கல்நாரைத் தொட்ட ஒவ்வொருவரின் பெயர், ஆலை அல்லது காண்ட்ராக்டர், செய்த வேலை, தொடங்கிய வருஷம், விட்ட வருஷம், உடன் வேலை செய்த இருவரின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். ஓய்வு பெற்ற முதியவர்களின் வீடு தேடிப் போய் அவர்களுடையதையும் எழுதுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, எக்ஸ்ரே படம் எதையும் பழைய காகிதமென்று எடைக்குப் போட வேண்டாம். 30 வருஷம் கழித்து அதுவே சாட்சி சொல்லும்.

இன்றும் அந்த வேலை செய்யும் தோழர்கள் ஷீட்டை மெஷினில் அறுப்பதும், உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்குவதும், காற்றடித்து ஊதுவதும் கூடாது. நனைத்துத்தான் தொட வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இந்த ஊசியைத் தடுக்காது. இதற்கென்றுள்ள முகக் கவசத்தை நிர்வாகம் தர வேண்டும். வேலை உடையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. கணவன்மார் உடுத்தி வந்த தூசி படிந்த துணியைத் துவைத்த பெண்களுக்கும் இந்தப் புற்று வந்ததை 1965இல் லண்டன் டாக்டர்கள் எழுதினார்கள். ஆலை வாசலையே மிதிக்காத மனைவிக்கு ஆலையின் நோய்! துணி துவைக்கவும், குளிக்கவும் வேலை இடத்திலேயே வசதி கேட்பது ஆடம்பரக் கோரிக்கையா?

சர்க்காரை நாம் கேட்பது மூன்று. கல்நாரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களையும், காண்ட்ராக்ட் தொழிலாளர்களையும் தேடிச் சென்று இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இ.எஸ்.ஐ. சீட்டிலும் பெயர், வயதுக்குப் பக்கத்தில் தொழிலுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, அதை நிரப்பிய பிறகே மருந்து எழுத வேண்டும். மாற்றுக் கூரைகளை ஏழைக்கு எட்டும் விலையில் கொண்டு வந்து, கல்நார் இறக்குமதியை நாள் குறித்து நிறுத்த வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரை தோழர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நெஞ்சு வலி, இரைப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு வாக்கியம் சொல்லச் செலவில்லை: "ஐயா, நான் கல்நாரில் வேலை செய்தவன்." வருகிற வாரக் கூட்டத்தில் இதைப் படியுங்கள். அன்றைக்கே நோட்டுப் புத்தகத்தைத் திறந்து முதல் பெயரை எழுதுங்கள்.